நேட்: சின்ன விமானம் ஏன் ஜெயித்தது?

சித்திரை, வைகாசி மாதங்களில் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் பின்புறம் கந்தாசிரமம் நோக்கி ஏறும் மலைப்பாதையில் நடப்பவர்கள் இந்தச் சண்டையைப் பார்த்திருப்பார்கள். மலைச்சரிவை ஒட்டி ஒரு பருந்து சாவகாசமாக வட்டமிட்டு வரும். எங்கிருந்தோ ஒரு கரிச்சான் கிளம்பி அதன் முதுகுக்கு மேலே ஏறும். அங்கிருந்து தலையைக் குறிவைத்துப் பாயும். பருந்து திரும்பி முடிப்பதற்குள் கரிச்சான் மறுபடி மேலே போயிருக்கும். நாலைந்து பாய்ச்சலுக்குப் பிறகு பருந்துதான் இடத்தைக் காலிசெய்யும். ஐம்பது கிராம் சொச்சம் இருக்கும் குருவி, தன்னைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள பறவையை எப்படி விரட்டுகிறது? கூட்டைக் காக்கும் தைரியம் என்பார்கள். சரி, தைரியம் இருந்தால் போதுமா? உடம்பும் ஒத்துழைக்க வேண்டுமே.

1965 செப்டம்பரில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் போர் இதே கேள்வியை விமானத்துறைக்கு முன் வைத்தது. பாகிஸ்தான் விமானப்படையின் முதுகெலும்பு அமெரிக்காவின் எஃப்-86 சேபர். கொரியப் போரில் சோவியத் மிக்-15 விமானங்களோடு மோதிப் பெயர் வாங்கியது அது. இந்தியா அதற்கு எதிரே இறக்கிய விமானங்களில் மிகச் சிறியது நேட். இங்கிலாந்தின் ஃபோலாண்ட் நிறுவனம் வடிவமைத்தது. 1956இல் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியா அதை உரிமம் பெற்றுப் பெங்களூரில் கட்டியது. ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை 6.73 மீட்டர்தான். சேபருக்கு அது 11 மீட்டருக்கும் மேல். எடையிலோ நேட் சேபரில் பாதிகூட இல்லை. பிரிட்டிஷ் விமானப்படை இதைப் போர் விமானமாக ஏற்கவே இல்லை. இரண்டு இருக்கை கொண்ட பயிற்சி வடிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டது. இங்கே நேட் போருக்குப் போன அதே 1965இல், அங்கே ‘ரெட் ஏரோஸ்’ சாகசக் குழு அதன் பயிற்சி வடிவத்தில் வண்ணப் புகை விட்டு வேடிக்கை காட்டத் தொடங்கியிருந்தது. போர் முடிந்தபோது இந்திய நேட்டுக்கு ‘சேபர் கொல்லி’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

“சின்னது, அதனால் சுறுசுறுப்பு” என்று இதற்குச் சுருக்கமாக விளக்கம் சொல்லிவிடுவார்கள். இதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று பார்ப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

ஒரு விமானத்தை எல்லாப் பக்கமும் சரிபாதியாகச் சுருக்குவதாக வைத்துக்கொள்வோம். நீளம் பாதி, அகலம் பாதி, உயரம் பாதி. சிறகின் பரப்பு கால் பங்காகும். எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஏனென்றால் எடை மூன்று பக்கமும் சேர்ந்த கொள்ளளவைப் பொறுத்தது. இப்போது இந்தக் குட்டி விமானத்தை இடவலமாகப் புரட்ட வேண்டும். சுழல மறுக்கும் குணம் ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் இதை நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்போம். எடை எவ்வளவு என்பதோடு, அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது அது. தூரம் பாதியானால் இந்த மறுப்பு கால் பங்காகும். எடையும் எட்டில் ஒன்றாகிவிட்டதால், மொத்தத்தில் 32இல் ஒரு பங்காகிறது. புரட்டுவதற்குச் சிறகு நுனித் தட்டிகள் தரும் திருப்பு விசையும் குறையத்தான் செய்யும். ஆனால் எட்டில் ஒரு பங்குவரைதான். எதிர்ப்பு 32இல் ஒன்று, முயற்சி 8இல் ஒன்று. ஆக, அளவில் பாதியான விமானம் விமானியின் கைக்கு நாலு மடங்கு விரைவாக இசைந்து கொடுக்கிறது. பருந்து ஒருமுறை சாய்வதற்குள் கரிச்சான் இரண்டுமுறை புரள்வதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

சுறுசுறுப்பு என்று சொன்னதில் இந்தப் பாதி உண்மை. மற்றப் பாதிக்கு ஒரு தடை இருக்கிறது: விமானியைச் சுருக்க முடியாது. அவர் உட்காரும் இருக்கை, ஆபத்தில் அவரை வெளியே தூக்கி எறியும் கருவி, ரேடியோ, பீரங்கி எதுவும் சுருங்காது. சிறகு அகலத்தில் நேட் சேபரில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. வெறும் அளவுக் கணக்கு மட்டும் போட்டால், 6,900 கிலோ சேபருக்கு எதிரே நேட் 1,500 கிலோதான் இருக்க வேண்டும். உண்மையில், கூடுதல் எரிபொருள் கலன் மாட்டாமல் போருக்குக் கிளம்பும்போது அது சுமார் 3,000 கிலோ. அதாவது கணக்கைவிட இரண்டு மடங்கு! சின்ன கூட்டுக்குள் எல்லாவற்றையும் திணித்துக் கட்டிய விமானம் அது.

இதன் விளைவு திரும்பும் திறனில் தெரியும். வானில் ஒரு விமானம் எவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்பும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது சிறகுச் சுமை. விமானத்தின் எடையைச் சிறகின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அது. நேட்டின் சிறகு 12.7 சதுர மீட்டர், சேபருடையது 29 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: இரண்டுக்கும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 237 கிலோ! பத்திரிகைகள் எழுதியதுபோல நேட் சேபரைவிடச் சின்ன வட்டத்தில் சுழன்று சுழன்று அடித்துவிடவில்லை. சேபரின் சிறகு முன்விளிம்பில், வேகம் குறையும்போது தானாக வெளியே வந்து கூடுதல் தூக்கு விசை தரும் தகடுகள் இருந்தன. மெதுவான வேகத்தில் வட்டமடிக்கும் சண்டையில் கெட்டிக்கார சேபர் விமானியின் கைதான் ஓங்கும்.

அப்படியானால் நேட் எங்கே ஜெயித்தது? மேலே ஏறுவதில்.

வான்சண்டையில் ஒரு விமானத்துக்கு இரண்டு சொத்துகள்: வேகம், உயரம். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கலாம். பாய்ந்தால் உயரம் வேகமாகும், ஏறினால் வேகம் உயரமாகும். ஒவ்வொரு கூர்மையான திருப்பத்திலும் காற்றின் இழுவை இரண்டையும் சேர்த்துத் தின்னும். இழந்ததை ஈடுசெய்ய வேண்டியது எஞ்சின். நேராகப் பறப்பதற்குச் செலவானது போக எஞ்சினிடம் மீதி இருப்பதை மிச்சத் திறன் என்று சொல்லலாம். யாரிடம் மிச்சத் திறன் கூடுதலோ, அவர் முதலில் மறுபடி மேலே இருப்பார். மேலே இருப்பவர்தான் அடுத்த பாய்ச்சல் எப்போது என்று முடிவு செய்பவர். கரிச்சான் ஒவ்வொரு முறையும் பருந்துக்கு மேலே போய் நிற்பது இதனால்தான். சிறிய பறவைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தசையின் மிச்சத் திறன் பெரியவற்றைவிட அதிகம்.

இதை அளக்க எளிய வழி, எஞ்சினின் உந்துவிசையை விமானத்தின் எடையோடு ஒப்பிடுவது. நேட்டின் எஞ்சின் சுமார் 2,130 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளியது. 3,000 கிலோ விமானத்துக்கு அது பத்தில் ஏழு பங்கு. 1965இல் எதிரே வந்த சேபரின் எஞ்சின் சுமார் 2,680 கிலோ தள்ளியது. பார்க்க அதிகம்தான், ஆனால் 6,900 கிலோவுக்கு அது பத்தில் நாலு பங்கு. தரைமட்டத்தில் நேட் நிமிடத்துக்கு 20,000 அடி வீதத்தில் ஏறத் தொடங்கும். சேபர் அதில் பாதியை எட்டினால் பெரிது. எனவே நேட் விமானிகள் தட்டையான வட்டச் சண்டையில் மாட்டிக்கொள்ளாமல், பாய்ந்து அடித்து, மேலே இழுத்து, மறுபடி பாயும் செங்குத்துச் சண்டையை நாடினார்கள்.

இந்த விகிதம் தற்செயலாகக் கிடைத்ததல்ல. டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர் என்ற பிடிவாதக்காரர் அதற்காகவே வரைபலகையில் உட்கார்ந்தார். கான்பெரா குண்டுவீச்சு விமானத்தின் சிற்பியும் அவரே. 1965 போரில் கான்பெராவும் இந்தியாவுக்காகப் பறந்தது. ஒவ்வொரு புதிய போர் விமானமும் முந்தையதைவிடக் கனமாகவும் விலை கூடியதாகவும் ஆகிக்கொண்டே போவதைப் பார்த்து அவர் சலித்துப்போனார். ஒரு கருவியைக் கூடுதலாக வைத்தால், அதைத் தூக்க இன்னும் கொஞ்சம் சிறகு வேண்டும். அந்தச் சிறகைத் தாங்கச் சட்டகம் வலுக்க வேண்டும். அதைத் தள்ளப் பெரிய எஞ்சின், அந்த எஞ்சினுக்குக் கூடுதல் எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்க மறுபடி சிறகு. இதை எடைப் பெருக்கச் சுழல் எனலாம். பெட்டர் செய்தது அதைத் தலைகீழாகச் சுழற்றியதுதான். ஒரு கிலோவைக் கழித்தால் அது இன்னும் சில கிலோக்களையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும். நேட்டில் சக்கரக் கால்களைப் பாதி இறக்கினால் அவையே காற்றுத்தடையாக வேலை செய்யும். தனித் தடைத் தகடு தேவையில்லை. புரட்டும் சிறகுத் தட்டிகளே, தரையிறங்கும்போது கீழே சாய்ந்து தூக்கு விசையும் தரும். ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை.

எஞ்சினிலும் இதே சிக்கனம்தான். பிரிஸ்டல் நிறுவனத்தில் ஸ்டான்லி ஹூக்கர் உருவாக்கிய ஆர்ஃபியஸ் அது. காற்றை அழுத்தும் பகுதியையும் டர்பைனையும் இணைக்கும் தண்டை மெல்லியதாகவும் நீளமாகவும் வைத்தால் நடுவே அதிரும். அதனால் நடுவில் ஒரு தாங்கி வைப்பது அக்கால வழக்கம். ஹூக்கர் தண்டையே அகலமான, உள்ளீடற்ற குழாயாக்கிவிட்டார். குழாய் விறைப்பாக நின்றது. நடுத் தாங்கியும் அதைச் சுற்றிய எண்ணெய்க் குழாய்களும் தேவையற்றுப் போயின. ஆர்ஃபியஸின் எடை 380 கிலோ. சேபரின் ஜே-47 எஞ்சின் 1,150 கிலோ. மூன்று மடங்கு எடைக்கு, கால் பங்கு கூடுதல் தள்ளல்! ஜே-47 முந்தைய தலைமுறை எஞ்சின் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். நேட்டின் வெற்றியில் அளவுக்கு எவ்வளவு பங்கோ, காலத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பெட்டரைப் பற்றி ஒரு கிளைச்செய்தி. ஃபோலாண்ட் நிறுவனம் பெரிய குழுமத்துக்குள் கரைந்தபோது அவர் விமானத் தொழிலையே விட்டுவிட்டு, மனைவியோடு ஐரோப்பாவில் ஒரு மதக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பி வரவே இல்லை. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் குடியிருக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. கைநிறையச் சம்பாதித்த தொழிலை உதறிவிட்டு இங்கே மலையடிவாரத்தில் அறை எடுத்துத் தங்கும் எஞ்சினியர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! எடையைக் கழித்துக்கொண்டே போனவர் கடைசியில் தொழிலையும் கழித்துவிட்டார்.

ஏறும் திறனுக்கு அடுத்தபடி நேட்டைக் காத்தது, அது கண்ணில் படாததுதான். ரேடார் வழிகாட்டினாலும் அன்றைய சண்டையில் கடைசியாகச் சுடுவது கண்ணால் பார்த்துத்தான். ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தட்டுப்படும் என்பது ஏறக்குறைய அதன் அளவோடு நேராகப் போகும். ஒரு சேபர் 5 கிலோமீட்டரில் புள்ளியாகத் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், அதே கண்ணுக்கு நேட் 3 கிலோமீட்டரில்தான் தெரியும். நடுவில் 2 கிலோமீட்டர். எதிரெதிரே மணிக்கு 900 கிலோமீட்டரில் வரும் இரண்டு விமானங்கள் ஒரு விநாடிக்கு அரைக் கிலோமீட்டர் நெருங்குகின்றன. ஆக, நேட் விமானி சேபரைப் பார்த்துவிட்டார், சேபர் விமானி இன்னும் பார்க்கவில்லை என்ற நிலை 4 விநாடி நீடிக்கும். நேட்டிடம் இருந்த இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளின் மொத்தக் குண்டுகளையும் சுட்டுத் தீர்க்கவே 6 விநாடிதான் ஆகும் என்றால், இந்த 4 விநாடியின் மதிப்பு புரியும்.

சரி, உண்மையில் ஜெயித்ததா? வான்சண்டைக் கணக்கைச் சரிபார்ப்பது லேசான காரியமல்ல. எதிரி புகை விட்டுக்கொண்டு கீழே இறங்குவதைப் பார்த்த விமானி, வீழ்த்திவிட்டதாக நம்புவார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த எதிரி பத்தடி உயரத்தில் விமானத்தை நிமிர்த்தி வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். எல்லா நாட்டுப் போர்க் கணக்கும் இப்படி ஊதியவைதான். வரலாற்றாசிரியர்கள் பார்ப்பது வேறு: பீரங்கியோடு இணைத்த காமிராவின் படச்சுருள், தரையில் கிடந்த சிதைவு, எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட இழப்பு, சிறைப்பட்ட விமானி.

1965 செப்டம்பர் 3, நேட்டின் முதல் வெற்றி நாள். முந்தைய நாட்களில் இந்தியாவின் பழைய வாம்பயர் விமானங்கள் சேபர்களிடம் அடிபட்டிருந்தன. பதான்கோட்டிலிருந்து மிஸ்டேர் விமானங்களை ரேடாரில் தெரியும் உயரத்தில் இரையாக அனுப்பினார்கள். 23ஆவது அணியின் நேட்டுகள் ரேடாருக்குக் கீழே, மரத்தை உரசுவதுபோல் பதுங்கி வந்தன. சேபர்கள் இரையைத் தேடி வந்ததும் நேட்டுகள் விருட்டென்று மேலே ஏறின. ஏறும் திறனும் சின்ன அளவும் ஒருசேரப் பயன்பட்ட உத்தி இது. ஸ்குவாட்ரன் லீடர் ட்ரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டு வீர சக்ரா பெற்றார். பாகிஸ்தான் தரப்போ அந்த விமானம் அடிபட்ட நிலையில் தளம் திரும்பிவிட்டது என்கிறது. சேபர் அடிபட்டது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. அதே மாதம் ட்ரெவரின் அண்ணன் டென்சில் கீலரும் நேட்டில் பறந்து வீர சக்ரா வாங்கினார். 1965 போரில் நேட்டின் கணக்கில் பொதுவாக எழுதப்படும் எண்ணிக்கை 7 சேபர். எதிரி விமானங்களிடம் இழந்த நேட்டுகள் 2.

ஐயமே இல்லாத சான்று 1971இல் கிடைத்தது. நவம்பர் 22 பிற்பகல், கிழக்கு எல்லையில் பொய்ரா அருகே சேபர்கள் தரைப்படை மீது தாக்கிக்கொண்டிருந்தன. ரேடாரில் அவை தென்பட்டு மூன்று நிமிடத்துக்குள் கல்கத்தா டம்டம் தளத்திலிருந்து 22ஆவது அணியின் 4 நேட்டுகள் வானில் இருந்தன. மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ் ஆகிய நால்வரும் மோதிய சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. இரண்டு சேபர் விமானிகள் பாராசூட்டில் இந்தியப் பக்கம் இறங்கிச் சிறைப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, 1997இல் பாகிஸ்தான் விமானப்படைக்கே தலைவரானார். இதைவிட உறுதியான சான்று எந்தப் படச்சுருளிலும் கிடைக்காது. மூன்றாவது சேபரை இந்தியா வீழ்த்தியதாகச் சொல்கிறது. அது சேதத்தோடு திரும்பியது என்கிறது பாகிஸ்தான்.

இந்தச் சிக்கனத்துக்கு நேட் கொடுத்த விலையும் சின்னதல்ல. எரிபொருள் குறைவு, அதனால் தன் தளத்தைவிட்டு அதிக தூரம் போக முடியாது, போன இடத்தில் நேரம் கடத்தவும் முடியாது. வால் பக்கக் கிடைச்சிறகை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு விபத்துகளுக்குக் காரணமானது. பீரங்கிகள் சண்டையின் நடுவே சிக்கிக்கொள்வதுண்டு. செப்டம்பர் 3 அன்றே ஒரு நேட் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிவிட்டது. எரிபொருள் குறைந்து கருவிகள் கைவிட்டதால் இறங்கியது என்கிறது இந்தியத் தரப்பு. தங்கள் ஸ்டார்ஃபைட்டர் விமானம் விரட்டி இறக்கியது என்கிறது பாகிஸ்தான். அந்த விமானம் இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நேட் நல்ல விமானம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘வீட்டு வாசலில் நடக்கும் குறுகிய சண்டைக்கு நல்ல விமானம்’ என்பதே சரி. 1965இலும் 1971இலும் அதற்கு வாய்த்த சண்டைகள் பெரும்பாலும் அந்த வகையாக அமைந்தது அதன் அதிர்ஷ்டம்.

அதன் எல்லையும் வலிமையும் சேர்ந்து தெரிந்த நாள் 1971 டிசம்பர் 14. ஸ்ரீநகர் விமானத்தளத்தை 6 சேபர்கள் தாக்கின. ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே 18ஆவது அணியின் நிர்மல் ஜித் சிங் சேகோன் நேட்டை மேலே கிளப்பினார். இரண்டு சேபர்களைத் தாக்கினார். எண்ணிக்கை பலத்தின் முன் கடைசியில் வீழ்ந்தார். இந்திய விமானப்படைக்கு இன்றுவரை கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது.

நேட்டின் குறைகளைக் களைந்து பெங்களூரில் உருவான ‘அஜீத்’ 1975இல் பறந்தது. சிறகுக்குள்ளேயே எரிபொருள் நிரப்பி, சிறகின் அடியில் ஆயுதம் மாட்ட இடம் ஒதுக்கினார்கள். எடை கூடியது. 1991இல் அதுவும் ஓய்வுபெற்றது. சேகோனின் 18ஆவது அணி 2020 மே மாதம் கோவை சூலூரில் மறுபடி உயிர்பெற்றது. இப்போது அது பறப்பது தேஜஸ் விமானத்தில். உலகின் மிகச் சிறிய, இலேசான போர் விமானங்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். எதுவும் ஏற்றாத நிலையில் அதன் எடை சுமார் 6,500 கிலோ. அதே நிலையில் மூன்று நேட்டுகளைத் தராசில் வைத்தால் அந்த எடை வரும்.